நான்கு மணி முறை

என் மனைவி உயிரோடு இருந்தவரை இதை எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவளுக்குத் தெரியாது என்பதால் அல்ல, தெரியும் என்பதால்.

ஒரு கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்று புதுச்சேரி மூலக்குளத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்த சில வருடங்களில், இரண்டாயிரம் பிறந்த பிறகு, ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஊருக்குள் அப்போது ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே சேர்த்தேன். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. பிரான்சில் இருக்கும் மகன் தினமும் போன் செய்தான். போனில் கஞ்சி ஊட்ட முடியாது.

பெரிய கூடம். பன்னிரண்டு கட்டில்கள். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு என் மனைவி சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். படுத்தால் மூச்சு முட்டும். நாங்கள் போன மறுநாள் காலையில் அடுத்த கட்டிலுக்கு ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வில்லியனூருக்கு அப்பால் ஒரு கிராமம். முப்பத்தைந்து வயது இருக்கும். நெல்லுக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் வரப்பில் பாம்பு கடித்துவிட்டது.

அந்தப் பக்கம் மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் விடிவதற்கு முன்னால்தான் வரும். பகலில் அது ஊருக்கும் ஆலைகளுக்கும் வேண்டும். கரண்ட் வந்த நேரத்துக்கு அவர் வயலுக்குப் போனார். நெல்லைத் தேடி எலி வந்திருந்தது, எலியைத் தேடிப் பாம்பு வந்திருந்தது. இதையே நான் வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது பற்றிப் பாடப்புத்தகத்துக்கு ஒரு அத்தியாயமே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பகலெல்லாம் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்த நான் அந்த அம்புக்குறிகளுக்கு நடுவே எங்கே வருகிறேன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

விஷமுறிவு ஊசி போட்டாயிற்று. ஆனால் அதற்குள் விஷம் தசைகளைத் தளர்த்தியிருந்தது. இமையைத் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, மூச்சு இழுக்க முடியவில்லை. அவர் மனைவியிடம் டாக்டர் சொன்னதை நான்தான் விளக்கிச் சொன்னேன்: மூன்று நாலு நாளில் விஷம் இறங்கிவிடும், எழுந்து நடந்து போவார், ஆனால் அதுவரை அவருக்காக வேறு யாராவது மூச்சு விட வேண்டும். மூச்சு விடும் இயந்திரம் இரண்டு இருந்தது. இரண்டிலும் ஆள் இருந்தார்கள். அது யார் குற்றமும் இல்லை. தொண்டையில் குழாயைச் செருகி அதன் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டிக் கொடுத்தார்கள். கையால் அமுக்கினால் காற்று உள்ளே போகும். விட்டால் வெளியே வரும். கூடத்தில் எல்லாரும் அதைப் பலூன் என்றே சொன்னார்கள்.

நர்ஸ் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அமுக்கக் காட்டிக்கொடுத்தாள். "மாருல கண்ணு வையி. ஏறி எறங்கணும். ஏறலன்னா நீ சும்மா பந்து வெளையாடுறன்னு அர்த்தம். அவருக்குக் காது கேக்குது, தெரியுதா? கண்ணுதான் தொறக்க முடியல. பேசிக்கினே அமுக்கு."

அந்தப் பெண் அமுக்கினாள். காலை போய் மதியம் வந்தது. கூட வந்த அவள் தம்பி, வீட்டில் இருந்த இரண்டு பிள்ளைகளையும் மாட்டையும் பார்க்கத் திரும்பிப் போயிருந்தான். "எழுந்து வா நீ," என்று புருஷனிடம் பேசிக்கொண்டே இருந்தாள். "பசு எங்கிட்ட ஒதைக்குது. உன்னத்தான் தேடுது. நான் கறந்தா அரைப்படிகூட வராது, பாத்துக்க."

மதியத்துக்கு மேல் அவள் கை நடுங்குவதை முதலில் பார்த்தது எதிர்க் கட்டிலில் இருந்த மில்காரர். அவர் வேலை பார்த்த நெசவாலை மூடிக் கிடந்தது. சர்க்கரைப் புண்ணோடு காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்த மனைவிக்குத் துணையாக இருந்தார். வலது கையில் இரண்டு விரல் கிடையாது, தறி கொண்டுபோய்விட்டது.

"தள்ளும்மா, நான் கொஞ்ச நேரம் அமுக்குறேன்," என்றார். "யோவ் மாப்ள, என் கையில மூணு வெரலுதான். பாதி மூச்சுதான் வருதுன்னு கோச்சிக்காத."

"ஒனக்கு மூளையும் பாதிதான்," என்று அவர் மனைவி கட்டிலில் இருந்தபடியே சொன்னாள். கூடம் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

அவருக்குக் கை ஓய்ந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் போய் வாங்கிக்கொண்டேன். பிறகு ஜன்னலோரக் கட்டிலுக்குத் துணையாக வந்தவர் ஒருவர். இப்படி நாலைந்து பேர் சேர்ந்துவிட்டோம். அமுக்குகிறவர் ஓய்ந்தால் நிமிர்ந்து பார்ப்பார். யாராவது ஒருவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மில்காரருக்குப் பத்து நிமிடம், அந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம், எனக்குக் கால் மணி. நான் பலூனைப் பிடித்திருக்கும்போது அந்தப் பெண் என் மனைவியின் மாஸ்க்கை விலக்கி ரெண்டு ஸ்பூன் கஞ்சி கொடுப்பாள், மறுபடி மாட்டுவாள், தலை வாரிவிடுவாள். அவளுக்கும் மில்காரருக்கும் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டுகளை நான் படித்து வாங்கி வருவேன். மில்காரர் எல்லாருடைய பிளாஸ்கையும் சேர்த்து எடுத்துப் போய் வெந்நீர் பிடித்து வருவார்.

மூன்றாம் நாள் காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். நல்லது என்று நினைத்தே செய்தேன். ஒவ்வொருவரும் கை ஓயும்வரை அமுக்கிவிட்டு "யாராச்சும் வாங்க" என்று பார்ப்பது எனக்கு ஒழுங்கில்லாததாகப் பட்டது. வாழ்நாள் முழுக்கப் பாடவேளை அட்டவணை போட்டவன். எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, ஆளுக்கு அரைமணி என்று முறை எழுதினேன். யாருக்கும் அதிகமில்லை, யாருக்கும் குறைவில்லை. நர்ஸ் பிளாஸ்திரி போட்டு அதைச் சுவரில் ஒட்டினாள்.

மில்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இன்னா சார், எனக்கும் அரைமணி போட்டுக்கிற? பத்து நிமிஷத்துக்கு மேல இந்தக் கை நிக்காது சார்."

"அரைமணிதானே. மெதுவா அமுக்குங்க," என்றேன்.

மெதுவா அமுக்குங்க. மூச்சைப் பற்றி நான் சொன்ன யோசனை அது.

அந்தப் பெண்ணுக்கு அட்டவணை பிடித்திருந்தது. மூன்று நாளாக அவள் குளிக்கவில்லை. மூன்றரை மணிக்கு மில்காரர், நான்கு மணிக்கு நான், நாலரைக்கு அவள். நடுவில் ஒரு மணி நேரம் முழுதாகக் கிடைத்தது. "சார் போட்டுக் கொடுத்தாரு, இப்பத்தான் எனக்குக் கொஞ்சம் வெளிய போவ முடியுது," என்று மாற்றுப் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் ஒளிக்கக் கூடாது.

மூன்றே முக்காலுக்கு நான் என் மனைவியிடம் ஹார்லிக்ஸுக்குப் பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு எதிர்த்த டீக்கடைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. காபி சொன்னேன். நாலு நாள் தூக்கம் இல்லை. முதுகு வலித்தது. அந்தக் கூடத்தின் நாற்றமும், சளி கரகரக்கும் சத்தமும், அடுத்தவர் மூச்சை எண்ணிக்கொண்டே இருக்கும் வேலையும் எனக்குச் சலித்திருந்தது. பெஞ்சில் கிடந்த பேப்பரை எடுத்தேன். கடைச்சுவரில் கடிகாரம் இருந்தது. நான்கு மணி ஆனதைப் பார்த்தேன்.

பார்த்தேன் என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நேரம் போனது தெரியவில்லை என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். மில்காரர் பிடித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் அஞ்சு நிமிடம் பிடிப்பார் என்று நினைத்தேன். நாலேகாலுக்கு இன்னொரு காபி சொன்னேன். பேப்பரில் என்ன படித்தேன் என்று ஞாபகமில்லை. நான்கு மணிக்குப் பிறகு அந்த இருபத்தைந்து நிமிடமும் யாருக்கும் எதுவும் ஆகாமல் உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கலாம் என்று பல நாள் ஏங்கியிருக்கிறேன்.

கூடத்தில் நடந்ததைப் பிறகுதான் கேட்டேன். மில்காரரின் கை பத்து நிமிடத்திலேயே ஓய்ந்துவிட்டது. இடது கைக்கு மாற்றினார். அதுவும் ஓய்ந்தது. முன்னால் என்றால் நிமிர்ந்து பார்த்திருப்பார், யாராவது வந்திருப்பார்கள். ஆனால் அட்டவணை வந்த பிறகு யாரும் அந்தக் கட்டிலைப் பார்க்கவில்லை. அவரவர் முறை எப்போது என்று சுவரைத்தான் பார்த்தார்கள். ஜன்னலோரக் கட்டில்காரர் தன் முறை ஆறு மணிக்குத்தானே என்று துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் அடுத்த அறையில் ஒரு அவசர கேஸில் இருந்தாள்.

மில்காரர் வாசலையே பார்த்துக்கொண்டு அமுக்கியிருக்கிறார். பலூன் பாதி கூட அமுங்கவில்லை. மார்பு ஏறவில்லை.

அதைப் பார்த்தவள் என் மனைவி. மாஸ்க் போட்ட வாயால் கத்த முடியாது. அவளுக்கே மூச்சுப் போதாது. எட்டித் தட்டை எடுத்துக் கட்டில் கம்பியில் அடித்திருக்கிறாள். அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நர்ஸ் ஓடிவந்தபோது பாம்பு கடித்தவரின் நகங்கள் நீலமாகியிருந்தன. மார்பில் அழுத்தி, ஊசி போட்டு, நர்ஸே பலூனைப் பிடித்து அவரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நான் படியேறி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் நின்றிருந்தார். அந்தப் பெண் தலையில் சுற்றிய ஈரத்துண்டோடு பலூனை அமுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது பேசவில்லை. மில்காரர் தரையில் உட்கார்ந்து, தன் கையைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"மருந்துக் கடையில கூட்டம். லைன்ல நின்னுட்டேன்," என்றேன். யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"சார் வந்துடுவார்னுதான் சார் இருந்தேன்," என்றார் மில்காரர், என்னைப் பார்க்காமல். "பேப்பர்ல உங்க முறைன்னு போட்டிருந்துச்சு. இன்னொருத்தர எழுப்புனா நல்லா இருக்குமான்னு…" அழுதார். "என் கை இப்படி ஆயிட்டுதே சார்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் தோளைத் தட்டி, "உங்க தப்பு ஒண்ணும் இல்ல," என்றேன். பெருந்தன்மையாக மன்னிப்பவன் குரலில் சொன்னேன்.

என் மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் மாஸ்க்கை ஒரு கையால் விலக்கினாள். "காபி நல்லா இருந்துச்சா?" என்றாள். நான் பால் வாங்கி வந்திருக்கவில்லை. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகும் ஒன்றரை நாள் பலூன் அமுக்க வேண்டியிருந்தது. யாரோ அட்டவணையைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். நான் முன்னைவிட அதிகமாக அமுக்கினேன். அந்தப் பெண் என்னிடம் "வாங்க சார்," என்று கொடுப்பாள், "குடுங்க சார்," என்று வாங்குவாள். என் மனைவிக்குக் கஞ்சியும் கொடுத்தாள். எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டேன்.

இமை திறந்தது. தானாக மூச்சு வந்தது. குழாயை எடுத்தார்கள். ஆனால் டாக்டர் சொன்னபடி அவர் எழுந்து நடந்து போகவில்லை. மனைவியைப் பார்த்து "யாரு?" என்றார். ஸ்பூனைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டே இருந்தார். மூளைக்குக் கொஞ்ச நேரம் காற்றுப் போதாமல் இருந்திருக்கலாம், முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே ஆகியிருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தச் 'சொல்ல முடியாது'வைப் பிடித்துக்கொண்டு நான் வருடக்கணக்காக வாழ்ந்தேன். அதில் உண்மையும் இருக்கிறது என்பதுதான் கொடுமை.

என் மனைவி குணமாகி வீட்டுக்கு வந்தாள். ஐந்து வருடம் இருந்தாள். அதைப் பற்றி அவள் பேசியது ஒரே ஒரு தடவை. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "அந்தப் பொண்ணு வீட்டுக்கு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்றாள். "எதுக்கு?" என்றேன். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வகுப்பில் நான் பாறையில் படரும் லைக்கனைப் பற்றி விரிவாகப் பேசுவேன். பூஞ்சையும் பாசியும் ஒன்றாகிவிட்ட உயிர், ஒன்றில்லாமல் மற்றது இல்லை என்பேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். அவற்றில் ஒன்று ஒரு நாள் சலித்துப்போய் எழுந்து காபி குடிக்கப் போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. அவற்றால் முடியாது. என்னால் முடிந்தது.

அவள் போன வருடம் இறந்தாள். காரியமெல்லாம் முடிந்து மகன் திரும்பிப் போன பிறகு ஒருநாள் பஸ் ஏறினேன். கிராமத்தின் பெயர் நினைவில் இருந்தது. பாம்பு கடித்தவர் வீடு என்று கேட்டதும் காட்டினார்கள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலைப் பருப்பும் தோலும் ஒரே முறத்தில் விழுந்துகொண்டிருந்தன. உடம்பு பெருத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "எந்த ஊரு?" என்றார்.

அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். முடி நரைத்திருந்தது. உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க சார். அம்மா எப்படி இருக்காங்க?"

சொன்னேன். அவள் கண் கலங்கியது. "நல்ல அம்மா. அந்தத் தட்டு சத்தம் எனக்குக் கீழ குளிக்கிற ரூம் வரைக்கும் கேட்டுச்சு சார்." சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள், பசு மட்டும் இருக்கிறது, பெரிய பிள்ளை கம்பெனிக்குப் போகிறான் என்றாள். "இவர விட்டுட்டு எங்கியும் போவ முடியாது சார். எழுந்து ரோட்டுக்குப் போயிடுவாரு. லாரி போற ரோடு."

மோரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன். மருந்துக் கடையில் நிற்கவில்லை என்றேன். டீக்கடையில் இருந்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், பார்த்துவிட்டும் வரவில்லை என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

அவள் முறத்தை எடுத்து மடியில் வைத்துத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"தெரியும் சார்," என்றாள். "குளிச்சிட்டு அங்கியே ஜன்னல்ல புடவை காயப் போட்டேன். அங்கேர்ந்து பாத்தா கடை தெரியும். நீங்க உக்காந்துகினு இருந்தீங்க. அப்பதான் மேல சத்தம் கேட்டு ஓடியாந்தேன்."

"ஏம்மா அன்னிக்கே என்னைக் கேக்கல?"

"கேட்டு?" தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, எனக்கு அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் சத்தம் போட்டிருந்தா நீங்க கோச்சிக்கினு போயிருப்பீங்க. அப்புறம் ராத்திரிக்கு யாரு வந்து அமுக்குவா? எங்கிட்ட இருந்தது ரெண்டு கைதான் சார். உங்க கையும் வேணும், அந்த மில்லுக்காரர் கையும் வேணும். அப்ப அதுதான் நெனப்பு. அப்புறம் கேக்கலாம்னு இருந்தேன். அப்புறம் கேட்டு இன்னா ஆவப்போவுது?"

"எந்த ஊரு?" என்றார் அவர்.

"புதுச்சேரி. உனக்கு மூச்சு குடுத்தவரு," என்று அவள் அவரிடம் சொன்னாள். குத்தலாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இரண்டு கையையும் கூப்பினார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பக் கும்பிட்டேன்.

தெருமுனையில் பால் வண்டியின் ஹாரன் கேட்டது. அவள் எழுந்து பால் பாத்திரத்தை எடுத்தாள். வேலி ஓரம் போய்க் கூப்பிட்டாள்: "அக்கா, செத்த இங்க வந்து உக்காரேன். பாலு ஊத்திட்டு வந்துடுறேன். அஞ்சு நிமிஷம்."

"நான் இருக்கேனேம்மா. நான் பாத்துக்குறேன்," என்றேன்.

"பரவால்ல சார்," என்றாள் மரியாதையாக. "உங்களுக்கு பஸ்ஸு வந்துடும்."

பக்கத்து வீட்டுப் பெண் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் அவள் பாத்திரத்தோடு இறங்கிப் போனாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.